பாதியில் நிறுத்திவிடு

பயந்துபோன மனிதனிடம் போய், உங்களுக்குப் பிடித்த சங்கீதம் எது என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த பெயர்கூட வாயில் வராது. "அதுதாங்க, லிஃப்ட்ல போடுவாங்களே" என்பார். "சோப்பு விளம்பரத்துல ஒரு பொண்ணு முடியை ஆட்டிக்கிட்டு ஓடுவாளே, அப்ப வருமே, அது" என்பார். ஒரு ஜவுளிக்கடைக்காரர், "எம் பையன் தினமும் பியானோவுல ஒண்ணைக் கொலை பண்ணுவான். அதையே வேற யாராவது ஒழுங்கா வாசிச்சிருந்தா போடுங்க" என்று கேட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

இந்தக் கேள்வியை ஒரு நாளைக்குப் பதினைந்து பேரிடம் கேட்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் என்று ஒன்றுகூட இல்லாத எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் டெக்னீஷியன். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி துப்புரவு செய்பவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அசையக் கூடாது, பேசக் கூடாது, கண்ணை மூடிக்கணும் என்று படுத்திருப்பவர்களை அவள் அதட்டுகிற தோரணையில் ஒட்டிக்கொண்ட பெயர்.

அவளோடு அதே அறையில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவன் வித்வான். அவனுக்கும் சங்கீதத்துக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. காரில் செய்தி மட்டும் கேட்கிற ஜென்மம். ஆனால் ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்குப் பாட்டு வேண்டும் என்று நிர்வாகத்தோடு ஒரு வருடம் மல்லுக்கு நின்று, ஸ்கேன் இயந்திரத்தின் காந்தத்துக்குள் போனாலும் ஒன்றும் ஆகாத ஹெட்ஃபோனை வாங்க வைத்தவன் அவன்தான். ஹெட்ஃபோன் வந்த அன்றே பட்டமும் வந்துவிட்டது.

அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் போனவர்களுக்கு விளக்க வேண்டாம். போகாதவர்களுக்குச் சொல்கிறேன். தலையை ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள் பூட்டுவார்கள். மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் கூரை. காதோரம் யாரோ சுவரை இடிக்கிற மாதிரி சத்தம், இருபது நிமிடம். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருப்பார்கள். தாங்க முடியவில்லை என்றால் அதை அமுக்க வேண்டும், வெளியே மணி அடிக்கும். பாட்டு இல்லாத காலத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டு வந்த பிறகு குறைந்தது. சத்தத்தில் பாட்டு பாதிகூடக் கேட்காது என்பது வேறு விஷயம். ஏதோ ஒன்று நமக்காக ஓடுகிறது என்ற நினைப்பே மனுசனுக்குப் போதுமாக இருக்கிறது.

இருவரும் சேர்ந்து ஓர் அட்டை தயாரித்தார்கள். ஒரு பக்கம் ராகங்கள், மறுபக்கம் மேற்கத்தியச் சங்கீதம். கேட்க வருகிறவர்கள் சபாவில் முன்வரிசையில் உட்கார்கிற ரசிகர்கள் இல்லையே, அதனால் சரியான பெயருக்குக் கீழே சொந்தப் பெயரும் எழுதி வைத்தார்கள். ஏறி இறங்கும் பியானோவுக்கு மாடிப்படி. நாலு வயலின் போட்டி போடுவதற்குப் பக்கத்து வீட்டுச் சண்டை. ஒரு வீணைக்குத் தூளி. மெதுவான பியானோவும் பின்னால் வயலின்களும் வருவதற்குத் தூறல். இயற்றியவர்களுக்கும் அப்படித்தான். காது கேட்காமல் போனவர், வீடு நிறையப் பிள்ளை பெற்றவர், சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தவர். வருகிறவர்கள் இசையை விட்டுவிட்டு ஆளின் கதையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காது கேட்காமல் போனவருக்குக் கூட்டம் அலைமோதும், அவ்வளவு கஷ்டத்திலும் ஜெயித்தாரே என்று. சின்ன வயசில் போனவரை ஒருத்தர் தொடமாட்டார். ஸ்கேன் மேசையில் ஏறுகிற நேரத்தில் அது யாருக்கு வேண்டும்?

அந்தச் சின்ன வயசில் போனவர் இயற்றிய, யாருமே கேட்காத தூறல்தான் டீச்சருக்குப் பிடித்தது. தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால், தண்ணீர் நிரப்பிய ஓர் உருண்டையை மேசையில் வைத்து இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். இருபத்தைந்து நிமிட வேலை. அப்போது தூறலைப் போட்டுவிட்டு, உருண்டையின் படங்களைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பாள். சோதனை முடிந்ததும் பாட்டையும் நிறுத்திவிடுவாள். அதற்கு மேலே அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தண்ணீர் உருண்டைக்குத் தலைவலி கிடையாது, ரிப்போர்ட் கிடையாது, வெளியே காத்திருக்கும் புருசன் கிடையாது. நாளிலேயே நிம்மதியான நேரம் அதுதான்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியில் யாருக்கும் தெரியாதது.

ஸ்கேனில் என்ன தெரிந்தாலும் டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாருங்க என்பதுதான் பேச்சு, அதற்கு மேல் மூச்சு விடக் கூடாது. ஆனால் திரையில் முதலில் பார்ப்பது இவர்கள்தானே? பதினோரு வருடம் பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பேருந்து நடத்துநர் பெண் வந்தாள். புல்லாங்குழல் கேட்டாள். மூன்றாவது படத்திலேயே கட்டி தெரிந்துவிட்டது, கோலிக்குண்டு அளவுக்கு. ஸ்கேன் முடிந்ததும் டீச்சர் பாட்டை நிறுத்தப் போனாள். வித்வான் அவள் கையைப் பிடித்தான். வெளிய வந்தா அந்தம்மாவுக்கு எல்லாம் மாறிடும், இதையாவது முழுசாக் கேட்டுட்டு வரட்டும் என்றான். நாலு நிமிடம் இருவரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் வெளியே வந்து, "நல்லா இருந்துச்சுங்க, கடைசி வரைக்கும் விட்டீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டீச்சர் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

அன்றிலிருந்து அப்படியே வந்துவிட்டது. படத்தில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு இயந்திரம் நின்ற அடுத்த நொடி பாட்டும் நிற்கும். ஏதாவது இருந்தால் பாட்டு முடியும்வரை மேசை அசையாது. சத்தம் நின்ற பிறகுதான் பாட்டு முழுசாகக் காதில் விழும் என்பதால், அதுதான் அவர்கள் உண்மையில் கேட்கிற பாட்டு. பாதியில் நிறுத்தப்பட்டவர்கள் வெளியே வந்து சண்டை போடுவார்கள். நல்ல இடம் வரும்போது அறுத்துட்டீங்களே, கொஞ்சம்கூட ரசனை இல்லையா என்பார்கள். அப்படி யாராவது திட்டினால் அன்றைக்கு இருவருக்கும் சாப்பாடு இறங்கும்.

ஆனி மாதமா ஆடி மாதமா என்று கேட்காதீர்கள், அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, எப்போது தொடங்கியது என்று. காலையில் எழுந்தால் தலை கனத்தது. தூக்கம் சரியில்லை என்றாள். பத்து வயது மகளுக்குப் பள்ளிச் சட்டைப் பொத்தான் போடும்போது இடது கை விரல்கள் பொத்தானைத் தேடின. அவசரம் என்றாள். தேநீர்க் கோப்பை இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. கைப்பிடி வழுக்குகிறது என்றாள். புருசன் தச்சர், கதவு ஜன்னல் செய்கிறவர். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றார்.

மற்ற பொம்பளைகளுக்கு இப்படி வந்தால் பயம் வருவதற்குக் கொஞ்சம் நாளாகும். இவளுக்கு முதல் கோப்பை உடைந்த அன்றே வந்துவிட்டது. காலைத் தலைவலி, ஒரு பக்கத்துக் கை. எத்தனை டாக்டர் சீட்டில் இந்த வரியைப் படித்திருப்பாள்? படித்துவிட்டு எத்தனை முறை திரையில் அந்த வெள்ளையைப் பார்த்திருப்பாள்? தெரிந்துகொண்டால்தானே உண்மை ஆகும் என்று மூன்று மாதம் தள்ளிப் போட்டாள். நோயாளி இப்படிச் செய்தால் அவள் காதைத் திருகியிருப்பாள்.

கடைசியில் வித்வான்தான் கண்டுபிடித்தான். கம்ப்யூட்டரில் அவள் தட்டிய பெயர்களில் இடது கைப்பக்கத்து எழுத்துகள் விழாமல் போவதை இரண்டு வாரமாகக் கவனித்துவிட்டு, ஒரு மதியம் கதவைச் சாத்தினான். பூசி மெழுகாமல் கேட்டான். அவள் சொல்லிவிட்டாள். அவன் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நேராக நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனான். அவர் முழங்காலில் தட்டினார், கோட்டில் நடக்கச் சொன்னார், விரலைத் தொட்டு மூக்கைத் தொடச் சொன்னார். இடது கை மூக்குக்குப் பதிலாகக் கன்னத்தைத் தொட்டது. மருந்து ஊசியோடு மண்டை ஸ்கேன் என்று எழுதினார்.

நாள் குறித்தாயிற்று, வியாழன் மதியம் இரண்டரை. அதற்கு இடைப்பட்ட மூன்று நாள் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வெந்நீர் வைத்தால் அணைக்க மறந்தாள். மகள் கணக்கில் சந்தேகம் கேட்டால் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளைக்கு என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது என்று மனசுக்குள் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. தலை பின்னத் தெரியாது. பொய் சொல்லத் தெரியாது. புருசன் அடுப்பைப் பற்ற வைப்பார், அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தெரியாது.

எல்லாப் பயத்துக்கும் மேலே ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பாட்டு. உள்ளே படுத்திருக்கும்போது பாட்டு பாதியில் நின்றால் நல்ல சேதி. முழுசாக ஓடினால்? உலகத்தில் வேறு எவருக்கும் அது வெறும் பாட்டு, அவளுக்கு மட்டும் அது ரிப்போர்ட். சரி, பாதியில் நின்றாலும் நம்ப முடியுமா? இவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியுமே. பயப்படுவாளே என்று வேண்டுமென்றே நிறுத்தியிருப்பான் என்று தோன்றாதா? எந்தப் பக்கம் புரண்டாலும் முள்.

வியாழன் காலை, தண்ணீர் உருண்டையை மேசையில் வைத்தபடியே சொன்னாள்.

"எனக்குப் பாட்டு வேண்டாம், வித்வான்."

"வேண்டாம்னா எப்படி? நீ உதறுவ. படம் கலங்கும். திரும்ப எடுக்கணும், அம்பது நிமிஷம் உள்ள கிடப்பியா?"

அவன் சொன்னது நியாயம்தான். முன்பு ஒரு நர்ஸ் அப்படி வீறாப்பாகப் பாட்டில்லாமல் படுத்து, மூன்று முறை எடுத்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அது நல்ல வழி என்றே இருவருக்கும் பட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணு. மெஷின் நின்ன நிமிஷமே பாட்டைப் பாதியில நிறுத்திடு. உள்ள என்ன இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நிறுத்திட்டு வெளிய இழுத்துடு. எனக்கு எதுவும் தெரியக் கூடாது. டாக்டர் சொல்றப்ப தெரிஞ்சுக்கிறேன்."

"சரி."

"சரின்னா பத்தாது. சத்தியம் பண்ணு."

அவன் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிறகு அட்டையை நீட்டி, எது வேண்டும் என்று நோயாளியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டான். தூறல் என்றாள். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. அவர் வேண்டாமே டீச்சர், காது கேட்காதவரைப் போடட்டுமா என்றான். அவர் சின்ன வயசில் போனதற்குப் பாட்டு என்ன செய்யும் என்று அவள் சிரித்தாள். 

இரண்டரைக்குப் புருசன் வந்தார். பட்டறையிலிருந்து நேராக, முழங்கையில் மரத்தூளோடு. அவள் தோடு, மோதிரம், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தாள். அவர் அவற்றை ஒரு கையில் இறுக்கி மூடிக்கொண்டு, வெளிவராந்தா நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். இருபது இருபத்தைந்து நிமிஷம் என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னாள்.

பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேரை அந்த மேசையில் ஏற்றியிருக்கிறாள். தான் படுத்ததில்லை. மேசை இவ்வளவு குறுகலா? கூண்டு மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருமா? மூக்குக்கு நேரே சின்னக் கண்ணாடி, அதில் தன் கால்களும் அறைக் கதவும் தெரிந்தன. வித்வான் வலது கையில் ரப்பர் பந்தை வைத்து மூடினான். இடது கையில் ஊசிக்குழாய் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. ஹெட்ஃபோனை மாட்டினான். அவள் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் அவளுக்கே சொன்னான், அசையக் கூடாது, பேசக் கூடாது, கண்ணை மூடிக்கணும் டீச்சர் என்று. மேசை உள்ளே நகர்ந்தது. 

பியானோ ஒற்றை விரலில் தொடங்கியது. இரண்டு நிமிடத்தில் இடி ஆரம்பித்து, பியானோ காணாமல் போனது.

மற்றவர்களுக்கு அது வெறும் இரைச்சல். அவளுக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு படம் தெரியும். இப்போது கொத்துவது பக்கவாட்டுப் படம். இப்போது குடைவது குறுக்குவெட்டு. மூன்றாவதாக ஒரு நீண்ட கரகரப்பு வரும். இருந்தால் அதில்தான் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கரகரப்பு வந்தது. இப்போது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த நொடி. தன் மண்டைக்குள் இருப்பது தனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மூச்சை எண்ணினாள், எண்ணிக்கை தப்பியது, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

சத்தம் நின்றது. மேசை பாதி வெளியே வந்தது. மருந்து ஊசிக்கான நேரம். அவன் வந்து நின்றான். கண்ணாடியில் அவன் வெள்ளைக் கோட்டின் பையும் கைகளும்தான் தெரிந்தன, முகம் தெரியவில்லை. அவள் அந்தக் கைகளையே உற்றுப் பார்த்தாள். நடுக்கம் இருக்கிறதா? இல்லை. ஊசியைக் குழாயில் செருகினான், நிதானமாக அழுத்தினான். குளிர்ச்சி தோள் வரை ஏறியது.

"மூக்கு அரிக்குதா?" என்றான்.

உள்ளே படுத்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்தாற்போல மூக்கு அரிக்கும், அதை வைத்து இருவரும் எப்போதும் கிண்டல் செய்வார்கள். அதே கிண்டல், அதே குரல். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அப்படி ஒன்றைப் பார்த்தவனால் இப்படிப் பேச முடியுமா? முடியாது. அவனை அவளுக்குத் தெரியாதா? உடம்பு மூன்று மாதத்தில் முதல்முறையாக மேசையில் பதிந்தது. ஒன்றும் இருக்காது. கழுத்தில் நரம்பு பிசகியிருக்கும். வீட்டுக்குப் போய் மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுக்க வேண்டும், அது வேறு, எப்படியும் கற்க வேண்டியதுதானே.

மேசை மறுபடி உள்ளே போனது. இன்னும் இரண்டே சத்தம். கொத்தல் ஒன்று, இரண்டாவதாக அந்தக் கரகரப்பு. அது தேய்ந்து நின்றது. முடிந்தது.

பியானோ கேட்டது. இவ்வளவு நேரம் சத்தத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது துலக்கமாக, காதுக்குள். அவள் காத்திருந்தாள், நிற்பதற்காக.

நிற்கவில்லை.

விரல் இன்னும் பொத்தானுக்குப் போயிருக்காது என்று நினைத்தாள். பத்து நொடி. படங்களைச் சேமிக்கிறான், கம்ப்யூட்டர் மெதுவானது, எத்தனை முறை புகார் கொடுத்தாயிற்று. இருபது நொடி. போன் வந்திருக்கும். கழிப்பறைக்குப் போயிருப்பான், அவசரம் யாருக்கும் வருவதுதானே. வயலின்கள் உள்ளே நுழைந்தன. சத்தியத்தை மறந்துவிட்டானா? உள்ளங்கையில் அடித்தானே, மறப்பானா? ஒரு நிமிடம் போயிருக்கும். ஸ்பீக்கரில் ஒரு சத்தம் இல்லை. கண்ணாடியில் தன் இரண்டு கால்கள், கதவு. கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர் ஏறியது, மருந்தின் குளிர் இல்லை அது.   ஐயோ, ஐயோ என்று மனசுக்குள் ஒரே வார்த்தை ஓடியது. அந்தப் பிள்ளைக்குப் பத்து வயசு. பத்துதானே ஆகிறது. அவர் வெளியே என் தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வலது கையில் பந்து இருந்தது. அமுக்கினால் மணி அடிக்கும், அவன் பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வரத்தான் வேண்டும், அது விதி. கதவு திறக்கும், அவன் முகம் தெரியும். அவள் விரல்கள் பந்தைச் சுற்றி இறுகின. உடனே, சுட்டுவிட்டதுபோல் விரித்துவிட்டாள். வேண்டாம். அந்தக் கதவு திறக்க வேண்டாம்.

இந்த வயலின் இடத்துக்கு அப்பால் அவள் ஒருநாளும் போனதில்லை. இனி வருவது எதுவும் அவளுக்குத் தெரியாது. எவ்வளவு நீளம், எப்படிப் போகும், எங்கே முடியும், ஒன்றும் தெரியாது. காலையில் தேநீரோடு கேட்ட அந்தச் சாதுப் பாட்டா இது? வயலின்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெரிசாகிக்கொண்டே போயின. முடியப் போகிறதோ என்று நினைத்தாள். இல்லை, தணிந்து திரும்பவும் தொடங்கியது. இன்னும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பேருந்து நடத்துநர் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். அவள் இதே மேசையில் நாலு நிமிடம் புல்லாங்குழல் கேட்டுக்கொண்டு, வீட்டில் என்ன சமைக்கலாம் என்று யோசித்திருப்பாள். ஒன்றும் தெரியாத அந்த நாலு நிமிடம் அவளுக்குக் கிடைத்தது. அவளுக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் கிடைத்தது. கொடுத்த இரண்டு பேரில் ஒருத்திக்கு அது கிடைக்காது, இவளுக்கு எல்லாம் தெரியும். ஏன் இந்த வழக்கத்துக்குச் சம்மதித்தோம் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வித்வான்மேல், அவன் வாங்கிய ஹெட்ஃபோன்மேல், அட்டைமேல், கண் காணாத காலத்தில் செத்துப்போன அந்தப் பாட்டுக்காரர்மேல்.

ஆத்திரம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வயலின்கள் ஒவ்வொன்றாக விலக ஆரம்பித்தன.  நாலு இருந்தது மூன்று போலக் கேட்டது, பிறகு இரண்டு. போகாதே என்றாள் உதட்டை அசைக்காமல். அசையக் கூடாதே, இன்னமும் அந்தப் பழக்கம். இது ஓடுகிறவரை யாரும் உள்ளே வரமாட்டார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். வெளியே அவர் இன்னமும் வெறும் தச்சர், இருபத்தைந்து நிமிஷம் என்று நம்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தச்சர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இது கடைசி வகுப்பு. எல்லோரும் இந்தப் பாட்டு முடிகிறவரை பத்திரமாக இருக்கிறார்கள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து ஹெட்ஃபோனுக்குள் இறங்கியது. துடைக்க முடியவில்லை.

கடைசியில் பியானோ மட்டும் இருந்தது. ஒற்றை விரல். ஒரு தட்டு, கொஞ்சம் மௌனம். இன்னொரு தட்டு, இன்னும் கொஞ்சம் அதிக மௌனம். ஒவ்வொரு மௌனத்திலும் அவள் செத்துச் செத்துப் பிழைத்தாள். பிறகு வந்த மௌனம் முடியவில்லை.

ஸ்பீக்கர் 'கிளிக்' என்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது. 

"வித்வான்" என்றாள்.

"ம்."

"சத்தியம் பண்ணினியே."

 பதினோரு வருடத்தில் அவள் கேட்டிராத ஒரு குரலில் சொன்னான்.

"நிறுத்தத்தான் போனேன் டீச்சர். கை வரல."

மேசையை வெளியே இழுக்கிற மோட்டார் முனகத் தொடங்கியது. ஓர் அங்குலம் நகர்ந்தது. கண்ணாடியில் கால்கள் கதவை நோக்கி நகர்ந்தன. அவள் பந்தை அமுக்கினாள், பலம் முழுவதையும் சேர்த்து. மணி அலறியது. மேசை நின்றுவிட்டது.

"இழுக்காத" என்றாள். "இன்னொரு தடவை போடு."

வராந்தாவில் அடுத்த ஆள் காத்திருந்தார், அவருக்கும் பின்னால் மூன்று பேர். நேரம் இருபது நிமிடம் தள்ளிப் போயிருந்தது. வித்வான் அதையெல்லாம் சொல்லவில்லை. மணியை அணைத்தான்.

"முதல்ல இருந்தா?"

"முதல்ல இருந்து."

மேசை அந்த ஓர் அங்குலம் உள்ளே போனது. பியானோ ஒற்றை விரலில் தொடங்கியது. இந்த முறை மேலே எந்தச் சத்தமும் இல்லை, எல்லாமே கேட்டது.